குடியேற்றமும் மட்குதலும்: செவ்வாய்க்கு நம்மோடு வரும் நுண்ணுயிர்கள்



வேற்றுக்கோளில் குடியேறுவதைப் பற்றிப் பேச மண் நுண்ணுயிரியல் படித்த ஒருவரை ஏன் அழைத்தார்கள் என்று உங்களில் சிலர் யோசிக்கலாம். ராக்கெட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது செய்தித்தாள் படிப்பவருக்குத் தெரிந்த அளவுதான். ஆனால் ராக்கெட்டின் வேலை தரையிறங்கியதோடு முடிந்துவிடும். மறுநாள் காலையில் தொடங்கும் வேலை என் துறையைச் சேர்ந்தது. விட்ட மூச்சை மறுபடி யார் காற்றாக்கித் தருவது? கழிவறைக்குப் போனதை என்ன செய்வது? தின்ற கீரை போக மிஞ்சிய தண்டும் வேரும் எங்கே போகும்? பூமியில் இந்தக் கேள்விகளை நாம் கேட்பதில்லை. கேட்காமலே வேலை நடந்துவிடுகிறது.

செவ்வாய்க் குடியேற்றம் என்று பத்திரிகைகள் போடும் படங்களில் ஒரு கண்ணாடிக் கூடாரம் இருக்கும், உள்ளே பச்சைப்பசேலென்று தோட்டம் இருக்கும். பச்சை நிறத்தை வரையாத ஓவியர் இல்லை. அழுகலை வரைந்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. ஒளியை உண்டு ஆக்சிஜன் தரும் உயிர்களைப் பற்றி வேண்டிய அளவு பேசியாகிவிட்டது. ஆனால் அந்த ஊர் நிலைக்குமா, மூச்சுத் திணறுமா என்பதை முடிவு செய்யப்போவது மட்கவைக்கும் உயிர்கள். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

முதலில் பூமியிலேயே நடந்த ஒரு குடியேற்றத்தைப் பார்ப்போம். 1883 ஆகஸ்டில் சுந்தா நீரிணையில் இருந்த கிரகடோவா எரிமலை வெடித்தது. தீவின் பெரும்பகுதி கடலுக்குள் போயிற்று. மிஞ்சிய துண்டைச் சூடான சாம்பலும் நுரைக்கல்லும் மூடின. மூன்று ஆண்டுகள் கழித்து, 1886-இல், ஜாவாவில் பைட்டன்சார்க் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த மெல்கியோர் டிரூப் அங்கே போய் இறங்கினார். சாம்பலின் மேல் அவர் கண்டது வழவழப்பான ஒரு படலம். நீலப்பச்சைப்பாசி. அதன்மேல் சில பெரணிகள் வேரூன்றியிருந்தன. பிறகு புல்லும் மரமும் வந்தன, காடே வந்தது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அந்தச் சாம்பலுக்கு மேலே ஈரக்காற்று இருந்தது, மழை இருந்தது, சுற்றிலும் உயிர் நிறைந்த தீவுகள் இருந்தன. குடியேறியவருக்குச் சுற்றுப்புறமே சீர்வரிசை அனுப்பியது. செவ்வாயில் அப்படி எதுவும் இல்லை.

அதே நீலப்பச்சைப்பாசியின் மூதாதையர்தான் ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரக் காரணமாயின. இந்தக் கதையைச் சொன்னதும் எல்லாருக்கும் ஒரே யோசனை வருகிறது: பூமியில் செய்ததை வேறு கோளிலும் செய்யவைத்தால் என்ன? வானியலாளர் கார்ல் சேகனுக்கும் அது வந்தது. 1961-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில், வெள்ளியின் மேகங்களில் பாசியைத் தூவலாம், அது கரியமில வாயுவை உண்டு கோளைக் குளிரவைக்கும் என்று அவர் முன்மொழிந்தார். அப்போது வெள்ளியின் காற்று எவ்வளவு கனமானது என்று தெரியாது. பிறகு கலங்கள் போய்ப் பார்த்தபோது, தரையில் காற்றழுத்தம் பூமியைப்போல் சுமார் 90 மடங்கு, மேகங்கள் கந்தக அமிலம் என்று தெரிந்தது. அந்தத் திட்டம் நடக்காது என்று சேகன் பின்னாளில் தாமே எழுதிவிட்டார்.

வெள்ளி போனதும் பார்வை செவ்வாய் மேல் திரும்பியது. 1976-இல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கை, பாசிகளையும் பாறைப்பாசிகளையும் கொண்டு செவ்வாயை மாற்ற முடியுமா என்று கணக்குப் போட்டது. 1991-இல் கிறிஸ்டோபர் மெக்கே, ஓவன் டூன், ஜேம்ஸ் காஸ்டிங் மூவரும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை இன்றும் பலருக்கு வேதம். அதன்படி, கோளைச் சூடாக்குவது சில நூற்றாண்டு வேலை. ஆனால் தாவரங்களும் நுண்ணுயிர்களும் மனிதர் சுவாசிக்கும் அளவு ஆக்சிஜனைச் சேர்க்க ஒரு லட்சம் ஆண்டு ஆகும். கனவு காண்பவர்கள் முதல் பாதியைச் சத்தமாகவும் இரண்டாம் பாதியை மெதுவாகவும் வாசிப்பது வழக்கம்.

2018-இல் முதல் பாதியும் ஆட்டம் கண்டது. புரூஸ் ஜகோஸ்கி, கிறிஸ்டோபர் எட்வர்ட்ஸ் இருவரும் செவ்வாயில் கைக்கு எட்டும் கரியமில வாயு எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தார்கள். துருவப் பனி, மண் துகள்களில் ஒட்டியிருப்பது, பாறைக்குள் கிடப்பது எல்லாவற்றையும் சேர்த்தார்கள். கிளப்பக்கூடியதைக் கிளப்பினாலும் காற்றழுத்தம் பூமியின் அழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். போதாது. திறந்தவெளியில் தொப்பி போட்டுக்கொண்டு உலாவும் செவ்வாய், நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்கும் கிடையாது. இதைச் சொன்னால் கோபித்துக்கொள்ளும் நண்பர்கள் எனக்கு உண்டு.

செவ்வாயில் வெட்டவெளியில் ஒரு பாக்டீரியாவை வைத்தால் என்ன ஆகும்? காற்றழுத்தம் சுமார் 6 மில்லிபார், பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை. அதில் 95 சதவீதம் கரியமில வாயு. சராசரி வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 60 டிகிரி அளவில். ஓசோன் படலம் இல்லாததால் புறஊதாக் கதிர் நேராகத் தரையில் விழுகிறது. போதாததற்கு மண்ணில் பெர்குளோரேட் உப்பு. 2008-இல் அங்கே இறங்கிய நாசாவின் ஃபீனிக்ஸ் கலம் அதைக் கண்டது. அளவு எடையில் அரை முதல் ஒரு சதவீதம். சிவகாசிப் பட்டாசில் ஒளிக்கலவைக்குச் சேர்க்கும் பொட்டாசியம் பெர்குளோரேட்டும் இந்தக் குடும்பம்தான். மனித உடலில் தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதை இது தடுக்கும். நுண்ணுயிர்க்கு இன்னும் மோசம். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் வாட்ஸ்வொர்த்தும் சார்ல்ஸ் காக்கெலும் 2017-இல் காட்டியபடி, செவ்வாயின் அளவு புறஊதா படும்போது பெர்குளோரேட் கிருமிநாசினியாகவே மாறுகிறது. 'பேசில்லஸ் சப்டிலிஸ்' என்ற பாக்டீரியாவின் செல்கள் சில நிமிடங்களில் மாண்டன.

சாகாத சிலவும் உண்டு. 1956-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கதிர்வீச்சால் கிருமிநீக்கம் செய்த டின் இறைச்சி கெட்டுப்போனதை ஆராய்ந்தபோது கிடைத்தது 'டைனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ்'. மனிதனைக் கொல்லும் கதிர்வீச்சைப்போல் ஆயிரம் மடங்கை அது தாங்கும். ஜப்பானியரின் தன்போப்போ சோதனையில் இந்த இனம், பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு வெளியே மூன்று ஆண்டு வெறுவெளியில் கிடந்தும் பிழைத்தது. மேலே இருந்த செல்கள் செத்து, கீழே இருந்தவற்றுக்குப் போர்வையாயின. சரி. ஆனால் பிழைத்துக் கிடப்பது வேறு, பிழைப்பு நடத்துவது வேறு. உலர்ந்து உறங்கும் பாக்டீரியா ஆக்சிஜன் தராது, மண்ணை மாற்றாது, பிள்ளை பெறாது. குடியேற்றம் என்றால் பெருக வேண்டும்.

ஆக, நுண்ணுயிர்க்கும் செவ்வாயில் ஒரு வீடு வேண்டும். எந்த அளவு வீடு? இங்கேதான் ஜெர்மனியின் பிரெமென் பல்கலைக்கழகத்தில் சிப்ரியன் வெர்சோ குழு செய்த வேலை எனக்குப் பிடிக்கும். பூமியின் காற்றையும் அழுத்தத்தையும் அப்படியே செவ்வாயில் உண்டாக்கப் பெருஞ்செலவு. வலுவான கலன், வெளியிலிருந்து கொண்டுபோகும் வாயு எல்லாம் தேவை. செவ்வாயின் காற்றை அப்படியே உள்ளே விட்டால் பாசி வளராது. நடுவில் எங்கே நிற்கலாம் என்று பார்த்தார்கள். 96 சதவீதம் நைட்ரஜன், 4 சதவீதம் கரியமில வாயு, அழுத்தம் பூமியில் உள்ளதில் பத்தில் ஒன்று. இரண்டு வாயுவும் செவ்வாயின் காற்றிலேயே உள்ளவை; விகிதத்தை மாற்றினால் போதும். இந்தக் காற்றில், செவ்வாய் மண்ணைப்போலச் செய்த பொடியைத் தண்ணீரில் போட்டு 'அனபீனா' என்ற நீலப்பச்சைப்பாசியை வளர்த்தார்கள். வளர்ந்தது. சத்து நீரில் வளர்ந்த அளவு இல்லை, ஆனால் வளர்ந்தது. வளர்ந்த பாசியை உலர்த்தி அரைத்து ஈ.கோலி பாக்டீரியாவுக்கு உணவாகவும் கொடுத்துப் பார்த்தார்கள், அதுவும் பெருகியது. 2021-இல் இந்த முடிவுகள் வெளியாயின.

அனபீனா நமக்குப் புதிதல்ல. வயலில் அசோலா போட்டவர்கள் அதை அறியாமலே கையில் எடுத்திருக்கிறார்கள். அசோலாவின் இலைக்குழியில் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவது இந்தப் பாசியின் நெருங்கிய உறவுதான். ரைசோபியப் பொட்டலத்தை ஆறின கஞ்சியில் கலந்து உளுந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்கும் விவசாயியும் இதே வேலையைத்தான் வேறொரு பாக்டீரியாவிடம் ஒப்படைக்கிறார். செவ்வாயின் காற்றில் நைட்ரஜன் 3 சதவீதத்துக்கும் குறைவு. தழைச்சத்தை மூட்டையாகக் கட்டி ராக்கெட்டில் ஏற்றுவதைவிட, அதைப் பிடிக்கத் தெரிந்த உயிரைச் சிட்டிகை அளவு கொண்டுபோவது மலிவு. உயிர் பெருகும், மூட்டை பெருகாது.

கட்டுமானம், சுரங்கம் இரண்டிலும் இதே கணக்கு ஓடுகிறது; விரைவாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் அலோக் குமார் குழு, இஸ்ரோவோடு சேர்ந்து, 'ஸ்போரோசார்சினா பாஸ்டுரி' என்ற பாக்டீரியாவால் நிலவு மண், செவ்வாய் மண் மாதிரிகளைச் செங்கல்லாக்கியது. பாக்டீரியா யூரியாவைச் சிதைக்கும்போது கால்சியம் கார்பனேட் படிந்து துகள்களை ஒட்டவைக்கும். பசைக்குக் கொத்தவரை விதைப் பிசின். செவ்வாய் மண்ணில் இரும்பு அதிகம். அதனால் பாக்டீரியா முதலில் வளரவில்லை. நிக்கல் குளோரைடு சேர்த்த பிறகுதான் வழிக்கு வந்தது. யூரியாவுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், விண்வெளி வீரர்களின் சிறுநீர் இருக்கிறது.

சுரங்கத்துக்கு வந்தால், காக்கெலின் 'பயோராக்' சோதனை 2019-இல் விண்வெளி நிலையத்தில் நடந்தது. தீப்பெட்டி அளவுக் கலன்களில் எரிமலைப் பாறைத்துண்டும் மூன்று வகைப் பாக்டீரியாக்களும். எடையின்மை, செவ்வாயின் ஈர்ப்பு, பூமியின் ஈர்ப்பு மூன்றிலும் சோதித்தார்கள். மூன்று வாரத்தில் 'ஸ்பிங்கோமோனஸ் டெசிக்கபிலிஸ்' பாறையிலிருந்து அருமண் தனிமங்களைக் கரைத்தெடுத்தது. ஈர்ப்பு குறைந்ததால் அதன் வேலை குறையவில்லை. மற்ற இரண்டும் அந்த அளவு உதவவில்லை. இந்த ஏமாற்றத்தையும் கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்கு நிறைவு. எந்த வேலைக்கு எந்த உயிர் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தே அறிய வேண்டும். பாக்டீரியா என்ற ஒரே பெயருக்குள் ஆயிரம் தொழில்கள் இருக்கின்றன.

இதுவரை சொன்னதெல்லாம் ஆக்கல் பகுதி. இனி என் முக்கிய வழக்கு: மட்குதல்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஆரக்கிள் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் 'பயோஸ்பியர் 2' இருக்கிறது. மூன்று ஏக்கருக்குச் சற்று மேல் பரப்பைக் கண்ணாடியாலும் எஃகாலும் மூடி, உள்ளே மழைக்காடு, புல்வெளி, பாலை, சதுப்புநிலம், பவளப்பாறையுடன் ஒரு குட்டிக் கடல், விளைநிலம் எல்லாம் அமைத்தார்கள். பூமி முதலாவது உயிர்க்கோளம், இது இரண்டாவது என்பதால் அந்தப் பெயர். 1991 செப்டம்பர் 26 அன்று நான்கு ஆண்கள், நான்கு பெண்கள் உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டு வெளியே வருவதில்லை, வெளியிலிருந்து காற்றும் உணவும் எடுப்பதில்லை என்பது ஏற்பாடு. செவ்வாயில் கட்டப்போகும் ஊருக்கு ஒத்திகை என்று வெளிப்படையாகவே சொன்னார்கள்.

உள்ளே போடும்போது மண்ணைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தார்கள். உரம் மிகுந்த, மட்கு நிறைந்த நல்ல மண். எந்த விவசாயியைக் கேட்டாலும் அதைத்தான் போடச் சொல்வார். செடிகளும் வளர்ந்தன. ஆனால் சில மாதங்களில் கருவிகள் ஒரு விநோதத்தைக் காட்டின. காற்றில் 20.9 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் மெல்ல இறங்கிக்கொண்டே போனது. 1993 ஜனவரியில் 14 சதவீதத்தைத் தொட்டது. நான்காயிரம் மீட்டர் மலை உச்சியில் வாழ்வதற்கு ஒப்பு. உள்ளே இருந்தவர்களுக்குப் படி ஏறினால் இளைத்தது. நீளமான ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியவில்லை. தூக்கத்தில் மூச்சு தடைப்பட்டு விழித்துக்கொண்டார்கள். கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜனைக் கொண்டுவந்து உள்ளே ஏற்றினார்கள். பத்திரிகைகள் கேலி செய்தன.

ஆக்சிஜனைத் தின்றது யார்? மண்ணில் இருந்த பாக்டீரியாவும் பூஞ்சையும். கொழுத்த மட்கைக் கண்டதும் அவை தம் வேலையைச் செய்தன: சிதைத்தன, சுவாசித்தன, பெருகின. செடிகள் பகலில் உண்டாக்கியதைவிட அதிகமாக அவை இரவும் பகலும் செலவழித்தன. சுவாசித்தால் கரியமில வாயு வெளிவர வேண்டுமே? இங்கேதான் கதை துப்பறியும் கதையாகிறது. காணாமற்போன ஆக்சிஜனுக்கு ஈடான கரியமில வாயு காற்றில் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வாலஸ் புரோக்கரை அழைத்தார்கள். அவருடைய மாணவர் ஜெஃப் செவரிங்ஹாஸ் கார்பன் ஐசோடோப்புகளை அளந்து தேடினார். குற்றவாளி சுவர்களில் இருந்தது. உள்ளே ஏராளமாகக் கட்டப்பட்டிருந்த புதுக் கான்கிரீட்டில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு, கரியமில வாயுவை இழுத்துக் கால்சியம் கார்பனேட்டாக மாறியிருந்தது. சுண்ணாம்பு அடித்த சுவர் காற்றுப்பட்டு இறுகுவது இதே வினையால்தான். பாக்டீரியா ஆக்சிஜனைக் கரியமில வாயுவாக்கியது. கான்கிரீட் அதை வாங்கிப் பூட்டிவைத்துக்கொண்டது. செடிகள் அதைப் பிடித்துத் திரும்ப ஆக்சிஜனாக்க வழி இல்லாமல் போயிற்று.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த திருப்பம் வேறு. இதே புரோக்கர் 1970-இல் 'சயன்ஸ்' இதழில் பூமியின் ஆக்சிஜன் கையிருப்பைப் பற்றி எழுதியவர். பூமியிலுள்ள காடு, புல், மண்ணின் மட்கு அத்தனையையும் எரித்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனில் நூற்றில் ஒரு பங்குகூடக் குறையாது. ஆகவே அதைப் பற்றிப் பயப்படாதீர்கள் என்பது அவருடைய வாதம். பூமிக்கு அது முழு உண்மை. பாட்டன் பூட்டன் சேர்த்துவைத்த சொத்தில் வாழும் குடும்பம் பூமி; கண்ணாடிக் கூடாரத்தில் இருப்பது அன்றாடங்காய்ச்சிக் குடும்பம். அங்கே ஒரு மாதம் வரவுக்கு மேல் செலவானால் அடுத்த மாதம் மூச்சுவிட முடியாது.

ஆகவே செவ்வாயில் நல்ல மண் வேண்டும் என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது, எவ்வளவு நல்ல மண் என்று. மட்கு கூடினால் விளைச்சல் கூடும், கூடவே மண்ணின் மூச்சும் கூடும். இங்கே விவசாயிக்கு அந்த மூச்சைக் கணக்கில் எடுக்கவேண்டிய தேவை இல்லை. அங்கே அதுதான் முதல் கணக்கு. மட்குதலே வேண்டாம் என்று ஒதுக்கவும் முடியாது. மட்காவிட்டால் செடியின் தண்டிலும் நம் கழிவிலும் உள்ள சத்து அங்கேயே சிறைப்பட்டுவிடும். ஓர் ஆள் ஒரு நாளைக்குச் சுவாசிப்பது ஏறக்குறைய 840 கிராம் ஆக்சிஜன். செவ்வாயில் இறங்கிய நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியில் இருந்த 'மாக்ஸி' கருவி, 2021 முதல் 2023 வரை செவ்வாயின் காற்றிலிருந்து பிரித்தெடுத்த ஆக்சிஜன் மொத்தம் 122 கிராம். அது சோதனைக் கருவிதான். பெரிதாகச் செய்தால் நிறையத் தரும். எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு. ஆனால் எந்த இயந்திரமும் வாழைத்தண்டை மட்கவைத்துத் தழைச்சத்தைத் திருப்பித் தராது.

மட்குதலைக் கட்டுக்குள் வைக்க ஐரோப்பியர்கள் கண்ட வழி, அதைத் துண்டு துண்டாகப் பிரிப்பது. ஐரோப்பிய விண்வெளி முகமை 1980-களின் கடைசியில் 'மெலிசா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஓர் ஏரியில் கலந்து நடக்கும் வேலைகளைத் தனித்தனிக் கலன்களில் நடத்துவது அதன் யோசனை. முதல் கலனில், காற்றில்லா வெப்பச் சூழலில் வாழும் பாக்டீரியாக்கள் மனிதக் கழிவையும் செடிக்கழிவையும் உடைக்கின்றன. அதில் வரும் அமிலங்களை இரண்டாம் கலனின் 'ரோடோஸ்பைரில்லம்' என்ற பாக்டீரியா எடுத்துக்கொள்கிறது. மூன்றாவதில் 'நைட்ரோசோமோனஸ்', 'நைட்ரோபேக்டர்' இரண்டும் அம்மோனியாவை நைட்ரேட்டாக்குகின்றன. நம் வயல் மண்ணில் தினமும் நடப்பதும் இதுதான். நான்காவதில் ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப்பாசியும் செடிகளும் அந்த நைட்ரேட்டை உண்டு ஆக்சிஜனும் உணவும் தருகின்றன. ஐந்தாவது கலன் என்பது மனிதர்கள்! பார்சிலோனாவில் உள்ள மாதிரி ஆலையில் மனிதருக்குப் பதில் எலிகளை வைத்து ஸ்பைருலினாவின் ஆக்சிஜனில் வாழவைத்தார்கள்.

முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் முழு வளையமும் மூடப்படவில்லை. இதைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கலனிலும் உயிர் ஒவ்வொரு வேகத்தில் ஓடுகிறது. நைட்ரோபேக்டர் மந்தமாக வளரும், ஸ்பைருலினா வேகமாக வளரும், மனிதன் விருப்பப்படி தின்பான். ஒன்று தடுமாறினால் அடுத்தது பட்டினி. ராக்கெட் கட்டுவதைவிட இது கடினம் என்று சொன்னால் பொறியாளர்கள் மன்னிக்கவேண்டும்.

நாம் தேர்ந்தெடுத்துக் கொண்டுபோகும் உயிர்களைப் பற்றியே பேசுகிறோம். அழைக்காமல் வருகிறவை? ஒரு மனித உடலில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் உள்ளன என்று 2016-இல் ரான் செண்டரும் ரான் மிலோவும் கூட்டாளிகளோடு மதிப்பிட்டார்கள். நான்கு பேர் போனால் நான்கு பேர் மட்டும் போவதில்லை.

விண்வெளி நிலையம் இதற்கு நல்ல பாடம். அங்கே வாழும் நுண்ணுயிர்களைப் பல ஆண்டுகளாகக் கணக்கெடுத்துவரும் நாசா குழுவை நடத்தியவர் கஸ்தூரி வெங்கடேஸ்வரன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். நிலையத்தின் வடிகட்டியில் கிடைத்த ஒரு பாக்டீரியாவுக்கு 'சோலிபேசில்லஸ் கலாமியை' என்று அப்துல் கலாமின் பெயரை இட்டார்கள். 2021-இல் அறிவித்த இன்னொன்று 'மெத்திலோபாக்டீரியம் அஜ்மாலியை'. பல்லுயிரியல் அறிஞர் அஜ்மல் கான் நினைவாக வைத்த பெயர். அதனுடைய மரபணுத் தொகுப்பில் செடி வளர்ச்சிக்கு உதவக்கூடிய மரபணுக்கள் இருந்தன. யாரும் அனுப்பாமல் தானே போய்ச் சேர்ந்த ஒரு பாக்டீரியா, நாளைக்குத் தோட்டத்துக்கு உதவக்கூடும்.

உபத்திரவம் செய்பவையும் உண்டு. ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் பூஞ்சை சன்னல் விளிம்புகளை அரித்தது. 2006-இல் விண்ணோடத்தில் போய்வந்த சால்மோனெல்லா, பூமியில் இருந்த அதன் உடன்பிறப்பைவிட எலிகளிடம் கொடிய நோயை உண்டாக்கியது என்று செரில் நிக்கர்சன் குழு காட்டியது. கிருமியை முழுக்க ஒழித்துவிடலாமே என்றால், ஒழிக்க ஒழிக்கக் கடினமானவைதான் மிஞ்சும். கலங்களைப் பூட்டும் தூய அறைகளில் சத்து இல்லை, ஈரம் இல்லை, நாள் தவறாமல் இரசாயனக் கழுவல். அங்கேயும் 'டெர்சிகாக்கஸ் ஃபீனிசிஸ்' என்ற பாக்டீரியா கிடைத்தது. புளோரிடாவில் ஒன்று, தென்அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்தில் ஒன்று. இந்த இரண்டு தூய அறைகளில் மட்டுமே அப்போது அது தெரிந்திருந்தது. நாம் கட்டிய சுத்தம் எதைத் தேர்ந்தெடுத்தது பாருங்கள்.

நம்மோடு நுண்ணுயிர்களும் போய்விடும் என்பதால்தான் 1967-இன் விண்வெளி உடன்படிக்கை, மற்றக் கோள்களைத் தீங்காக மாசுபடுத்தக் கூடாது என்று தன் ஒன்பதாம் பிரிவில் சொல்கிறது. செவ்வாயில் இறங்கும் கலத்தின் புறப்பரப்பில் மூன்று லட்சம் ஸ்போர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வழக்கிலுள்ள வரம்பு. ஸ்போர் என்பது பாக்டீரியா கெட்ட காலத்தைக் கடக்க எடுக்கும் உறங்குநிலை. மூன்று லட்சத்தையும் 38 லட்சம் கோடியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆள் இறங்கிய அன்றே அந்த வரம்பு காகிதத்தில்தான் இருக்கும்.

இதைக் காரணம் காட்டி, ஜோஸ் லோபஸ், ரக்கேல் பெய்ஷோட்டோ, அலெக்சாண்டர் ரோசாடோ மூவரும் 2019-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மாசுபடுவது தவிர்க்க முடியாதது. அதைத் தற்செயலுக்கு விடாமல், எந்த நுண்ணுயிரை எப்போது விடுவது என்று ஆராய்ந்து திட்டமிடுவோம், மனிதருக்கு முன் நுண்ணுயிர் போகட்டும் என்பது அவர்களுடைய வாதம். இதில் பாதியை நான் ஏற்கிறேன். கூடாரத்துக்குள் திட்டம் வேண்டும். இன்றே, இங்கேயே, பூமியில் சிறு சிறு கூடாரங்களைக் கட்டிப் பத்தாண்டு, இருபதாண்டு ஓட்டிப் பார்த்துத் திட்டமிட வேண்டும். கூடாரத்துக்கு வெளியே விதைப்பதை நான் ஏற்கவில்லை.

காரணம் நடைமுறை சார்ந்தது. 1976-இல் நாசாவின் வைக்கிங் கலங்கள் செவ்வாய் மண்ணில் சத்துநீரைச் சொட்டிப் பார்த்தன. வாயு வந்தது. மண்ணின் வேதியியல் அது என்று பெரும்பாலோர் முடிவு கட்டினார்கள்; சோதனையை வடிவமைத்த கில்பர்ட் லெவின், அது உயிர் என்று 2021-இல் இறக்கும்வரை வாதாடினார். யார் சொன்னது சரி என்பதை விடுங்கள். அந்த விவாதம் நடக்க முடிந்ததே, ஏவுவதற்கு முன் கலத்தை 112 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 30 மணி நேரம் வைத்திருந்ததால்தான். அப்படிச் செய்யாமல் அனுப்பியிருந்தால், வாயுவை விட்டது புளோரிடாவிலிருந்து போன பாக்டீரியா என்று சொல்லி ஒரே நாளில் வழக்கை முடித்திருப்பார்கள்.

இப்போது அதைவிடப் பெரிய வழக்கு வந்திருக்கிறது. 2024 ஜூலையில் பெர்சிவரன்ஸ் ஊர்தி ஜெசரோ பள்ளத்தில் ஒரு பாறையைக் கண்டது. சேயாவா ஃபால்ஸ் என்று பெயரிட்டார்கள். அதில் சிறுத்தைப் புள்ளி போன்ற வட்டங்கள். அவற்றில் விவியனைட், கிரீகைட் கனிமங்கள் இருப்பதுபோல் தெரிகிறது. பூமியில் இவை பலவேளை நுண்ணுயிர் வேலை செய்த சேற்றில் தோன்றுபவை, உயிரில்லாமலும் தோன்றக்கூடும். 2025 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை, பண்டைய உயிரின் சாத்தியமான தடயம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. அந்தப் பாறையில் குடைந்தெடுத்த மாதிரி ஒரு குழாயில் மூடிக் கிடக்கிறது. அதைப் பூமிக்குக் கொண்டுவரும் திட்டத்துக்குப் பணம் ஒதுக்குவதில் 2025-இல் இழுபறி இருந்தது. ஆள் அனுப்புவதைப் பற்றிய பேச்சு மட்டும் நிற்கவில்லை.

வரிசை மாறக் கூடாது என்பது என் கருத்து. முதலில் அந்தக் குழாய் ஆய்வகத்துக்கு வரட்டும். பிறகு ஆள் இறங்குவதானால், தரைக்கடியில் பனியும் உப்புநீரும் இருக்கக்கூடிய இடங்களைத் தள்ளி, நம் உயிர் கசிந்தாலும் பெருக வழியில்லாத வறண்ட இடத்தில் கூடாரம் அமையட்டும். கழிவு கூடாரத்துக்குள்ளேயே மட்கட்டும். அதில் ஒரு பிடியும் வெளியே கொட்டப்பட வேண்டாம். நிலவில் அப்பல்லோ வீரர்கள் விட்டுவந்த கழிவுப் பைகள் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன.